இடது கையை நீட்டு, கண்ணு

காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவர், என்னைப் போலவே பென்ஷன்காரர், போன மாதம் ஒரு குறையோடு வந்தார். அவருடைய பேத்திக்கு ஒன்பது வயது. வகுப்பிலேயே குள்ளம். டாக்டர் 'போன் ஏஜ்' பார்க்க வேண்டும் என்று இடது கையை எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். எடுத்துக்கொண்டு போனால், படம் சரியில்லை, திரும்ப எடுத்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டாராம். "கை எலும்பு அத்தனையும் தெரியுதே சார், இதுல என்ன சரியில்லை? காசு பிடுங்கத்தானே?" என்றார்.

படத்தை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தேன். டாக்டர் சொன்னது சரிதான். விரல்கள் மடங்கியிருந்தன, கட்டைவிரல் ஒருக்களித்திருந்தது, மணிக்கட்டோடு படம் வெட்டுப்பட்டிருந்தது. முப்பத்து நாலு வருஷம் இந்த வேலையைத்தான் செய்தேன் என்பதால் அவருக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். மூன்று சுற்று நடந்தும் முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால், முன்கை எலும்புக்கும் உள்ளங்கை எலும்புக்கும் நடுவே வெறும் இருட்டுத்தான் தெரியும். எலும்பு இல்லை என்று அர்த்தமில்லை. அங்கே இருப்பது எல்லாம் இன்னும் குருத்தெலும்பு. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. இரண்டு மூன்று மாதத்தில் கடுகு மாதிரி இரண்டு புள்ளிகள் தோன்றும். அப்புறம் ஏறக்குறைய வருஷத்துக்கு ஒன்றாக மற்றவை வரும். எட்டாவது, பட்டாணி அளவே ஆன கடைசி எலும்பு, ஒன்பது வயதுக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். பெண் குழந்தைகளுக்கு எல்லாமே கொஞ்சம் முந்தி.

விரல் எலும்புகளில் வேறொரு கதை நடக்கும். ஒவ்வொரு எலும்பின் ஒரு முனையிலும் தனியாக ஒரு துண்டு தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். தொப்பிக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு. அதுதான் வளர்ச்சித் தட்டு. குழந்தை உயரமாவது இப்படிப்பட்ட கோடுகளில்தான். பருவ வயது முடியும்போது கோடு மெல்ல மெல்ல மங்கி, தொப்பியும் தண்டும் ஒட்டிக்கொள்ளும். விரல் நுனி எலும்புகளில் முதலில் ஒட்டும். பிறகு மற்ற விரல் எலும்புகளிலும் உள்ளங்கை எலும்புகளிலும். மணிக்கட்டுக்குச் சற்று மேலே இருக்கும் முன்கை எலும்பில் கடைசியாக. கோடு மூடிவிட்டால் அந்த எலும்பு இனி நீளாது.

ஆக, ஒரு கைப்படத்தில் முப்பதுக்கு மேற்பட்ட சின்னக் கடிகாரங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை காட்டும் மணி, பிறந்த தேதி காட்டும் மணியோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் எலும்பு வயது.

இதை முதலில் யார் கண்டுபிடித்தார்கள் என்றால், தனியாக யாரும் இல்லை. 1895 நவம்பரில் ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். டிசம்பர் 22 அன்று தன் மனைவி அன்னா பெர்த்தாவின் கையைத்தான் படம் எடுத்தார். மோதிரத்தோடு இருக்கும் அந்தக் கைப்படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். அந்த அம்மா கால் மணி நேரம் போல அசையாமல் கையை வைத்திருந்தார் என்பார்கள். பெரியவர்கள் வைத்திருக்கலாம். இரண்டு வயதுக் குழந்தை வைக்குமா? எலும்பு வயதுப் படத்தின் முதல் சிக்கல் அன்றைக்கே பிறந்துவிட்டது. குழந்தை அசையும்.

1898-லேயே லண்டனில் ஜான் போலண்ட் என்ற அறுவை மருத்துவர் வளரும் பிள்ளைகளின் மணிக்கட்டு, கை எக்ஸ்ரே படங்களைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். அவர் கவலை வயது அல்ல. பிள்ளைகள் விழுந்து அடிபட்டு வரும்போது, படத்தில் தெரியும் கோடு முறிவா அல்லது இயற்கையான வளர்ச்சிக் கோடா என்று மருத்துவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான். இன்றைக்கும் இரவுப் பணியில் இருக்கும் புது டாக்டர்கள் அந்தக் கோட்டை முறிவு என்று எழுதிவிடுவது உண்டு.

வயது என்ற கேள்வி வேறு திசையிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் தொழிற்சாலைகளில் இத்தனை வயதுக்குக் கீழே பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1833-இல் சட்டம் வந்தது. பிறப்புப் பதிவு சரியாக இல்லாத காலம். தகப்பனே பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொல்லி மில்லுக்கு அனுப்புவான். அப்போது எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர், பல்லைப் பார்த்து வயதைச் சொல்லலாம் என்று 1837-இல் ஒரு சிறுநூல் எழுதினார். நம்மூர் மாட்டுச் சந்தையில் தரகர் செய்வதைத்தான் அவர் மனிதக் குழந்தைக்குச் செய்தார். அதற்கு எழுபது வருஷம் கழித்து அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் குழந்தை மருத்துவர் தாமஸ் மார்கன் ராட்ச், பிறந்த தேதியை நம்பாதீர்கள், மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், அந்த வளர்ச்சியை வைத்துப் பிள்ளையை வேலைக்கு அனுப்பலாமா, விளையாட்டில் எந்தப் பிரிவில் சேர்க்கலாம் என்று முடிவு செய்யுங்கள் என்றார். ஆக, இந்தப் படம் மருத்துவத்துக்கு வந்த அதே காலத்தில் சட்டத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அடுத்துச் சொல்ல வேண்டியது க்ளீவ்லாண்ட். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஊர். மின்சார வில்விளக்கில் பெயரும் பணமும் சம்பாதித்த சார்லஸ் பிரஷ் என்பவர் கொடுத்த நன்கொடையில், விங்கேட் டாட் என்ற உடற்கூறு பேராசிரியர் ஆரோக்கியமான பிள்ளைகளை வருஷக் கணக்கில் தொடர்ந்து படம் எடுத்தார். முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை. நோயே இல்லாத குழந்தைக்கு இத்தனை எக்ஸ்ரே! இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரிக் கமிட்டியும் அனுமதி தராது. 1937-இல் டாட் கைப்பட அட்லஸை வெளியிட்டார். அடுத்த வருஷமே காலமானார். அவர் வேலையைத் தொடர்ந்து க்ரூலிக் என்பவரும் பைல் என்ற அம்மையாரும் 1950-இல் ஒரு புத்தகம் போட்டார்கள். 1959-இல் இரண்டாம் பதிப்பு. உலகம் முழுக்க எலும்பு வயது பார்க்கிறவர்களின் மேஜையில் இன்னமும் இருப்பது அந்தப் புத்தகம்தான். எங்கள் டாக்டர் அதை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தானே வைத்திருப்பார்.

புத்தகத்தில் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு படம் இருக்கும், பையனுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. அந்த ஒரு படத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அழகான விஷயம். ஒரே வயதுப் பிள்ளைகளின் நூறு படங்களை, வளர்ச்சி குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாக அடுக்கி, நடுவில் வருவதை எடுத்தார்கள். டாக்டர் செய்வதெல்லாம் நம் படத்தை அந்தப் பக்கங்களோடு ஒப்பிட்டு, எதோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று பார்ப்பதுதான்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஒப்பிட வேண்டுமானால் இரண்டும் ஒரே மாதிரி எடுக்கப்பட்டிருக்க வேண்டும். க்ளீவ்லாண்ட் பிள்ளைகள் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, விரல்களைச் சற்றே விரித்து, படம் எடுத்துக்கொண்டார்கள். நம் பிள்ளை பயத்தில் கையைக் குறுக்கிக்கொண்டு எடுத்தால், ஒப்பிடுவது இரண்டு பிள்ளைகளை அல்ல, இரண்டு விதமான போஸை. எலும்பு வயதைப் பற்றிய சண்டைகள் எல்லாம் படிக்கிற டாக்டர்களைப் பற்றியே நடக்கின்றன. ஒருவர் பத்து என்பார், இன்னொருவர் பதினொன்று என்பார். எடுக்கிற கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எதற்கு இடது கை என்று என் நண்பர் கேட்டார். பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள், வலக்கைக்குத்தான் அடியும் காயமும் அதிகம் படும். அதோடு, உடல் அளவுகளை எடுக்கும் ஆய்வாளர்கள் 1906-இல் மொனாக்கோவிலும் 1912-இல் ஜெனீவாவிலும் கூடி, அளவுகளை இடப்பக்கத்திலேயே எடுப்பது என்று முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து இடது கைதான். வலது கையை எடுத்து, பிலிமைத் திருப்பிப் போட்டு இடது என்று எழுதிக் கொடுத்த புத்திசாலிகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஈயத்தில் செய்த 'எல்' எழுத்தை கேசட்டின் மேல் வைத்துப் படத்தோடு படமாக எடு, அப்புறம் பேனாவால் எழுதாதே என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இதற்காகத்தான்.

எலும்பு வயதுப் படத்தில் வேலையாளின் கைத்திறம் எவ்வளவு முக்கியம் என்பதை முதலில் உணர்ந்தவர்கள் இங்கிலாந்தில் டானரும் வொயிட்ஹவுஸும் என்று நினைக்கிறேன். டானர் டாக்டர், பெரிய பேர்வழி. வொயிட்ஹவுஸ் டாக்டர் அல்ல. ஹார்ப்பெண்டன் என்ற ஊரில் இருந்த ஒரு குழந்தைகள் இல்லத்தில் வருஷக் கணக்காகப் பிள்ளைகளை அளந்தவர் அவர்தான். ஒரே ஆள், ஒரே முறை. அளக்கும் கருவிகளைச் செம்மைப்படுத்தியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. உயரம் அளக்கும் ஹார்ப்பெண்டன் கருவிக்கு அந்த ஊரின் பெயர்தான். இவர்கள் 1962-இல் தொடங்கி, 1975-இலும் 2001-இலும் திருத்தி வெளியிட்ட முறைக்கு டி.டபிள்யூ. என்று பெயர். முழுப் படத்தையும் பார்த்து உத்தேசமாகச் சொல்லாமல், ஒவ்வொரு எலும்புக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கூட்டுவது. பள்ளிக்கூடப் பரீட்சைத்தாள் திருத்துவது போல. நேரமாகும், ஆனால் நியாயமான முறை. நம் கிரிக்கெட் வாரியம் பதினாறு வயதுக்குட்பட்ட ஆட்டக்காரர்களின் வயதைப் பார்க்க எடுத்துக்கொண்டதும் இதன் மூன்றாம் வடிவத்தைத்தான்.

எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்ததற்குக் காரணம் வேறு. எப்படிப் படம் எடுக்க வேண்டும் என்பதையும் அவர்கள் விதியாக எழுதிவைத்தார்கள். உள்ளங்கை கீழே பார்க்க வேண்டும். நடுவிரலும் முன்கையும் ஒரே நேர்கோட்டில். விரல்கள் ஒன்றையொன்று தொடாமல். கட்டைவிரல் ஆட்காட்டி விரலிலிருந்து ஏறக்குறைய முப்பது டிகிரி விலகி. குழாய்க்கும் பிலிமுக்கும் 76 சென்டிமீட்டர். கதிரின் மையம் நடுவிரலின் மொளிக்கு நேர் மேலே. படம் எடுக்கிறவனையும் மனிதனாக மதித்து எழுதிய மருத்துவப் புத்தகங்கள் குறைவு, அதனால் சொல்கிறேன்.

இதெல்லாம் வெறும் ஒழுங்குக்காக அல்ல. விரல் மடங்கியிருந்தால் கதிர் அந்தக் கறுப்புக் கோட்டின் வழியே நேராகப் போகாமல் சாய்வாகப் போகும். தொப்பி தண்டின் மேல் ஏறி உட்கார்ந்தது போல விழும். கோடு மறைந்துவிடும். திறந்திருக்கும் கோடு மூடியது போலத் தெரியும்; பிள்ளைக்கு வயது கூடிவிடும். கை ஒருக்களித்தால் மணிக்கட்டின் சிற்றெலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து எண்ணிக்கை குறையும். பிள்ளைக்கு வயது குறைந்துவிடும். மணிக்கட்டோடு வெட்டிவிட்டால் முன்கையின் இரண்டு எலும்பு முனைகளும் போய்விடும். கடைசியாக ஒட்டுவதே அதுதான் என்று மேலே சொன்னேனே, பதினாறிலிருந்து பதினெட்டு வரை சாட்சி சொல்ல இருப்பது அது ஒன்றுதான்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். மதராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் பார்னார்டு கதிரியல் நிலையம் 1934-இல் வந்தது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர்கள் அந்தப் பெயரைப் பயபக்தியோடுதான் சொல்வார்கள். இந்தியப் பிள்ளைகளின் எலும்புகள் எந்த வயதில் ஒட்டுகின்றன என்று வங்காளத்தில் பார்த்து கால்ஸ்டான் என்பவர் 1937-இல் எழுதிய கட்டுரையின் அட்டவணை, சட்ட மருத்துவப் புத்தகங்கள் வழியாக நாடெங்கும் பரவியது. வங்காளத்துப் பிள்ளையின் அட்டவணையை வைத்துக்கொண்டு, க்ளீவ்லாண்ட் பிள்ளையின் படத்தைப் பார்த்து, தர்மபுரிப் பிள்ளையின் வயதைச் சொல்வோம். க்ளீவ்லாண்ட் பிள்ளைகள் வசதியான வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள். பால், முட்டை, இறைச்சி எல்லாம் கிடைத்தவர்கள். கூழ் குடித்து வளர்ந்த பிள்ளையின் எலும்பு அவர்களோடு ஒத்துப்போகாவிட்டால் அது நோயா, பசியா? அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு மரியாதையும் உண்டு, கோபமும் உண்டு.

எங்கள் பாடு டார்க்ரூமில். டெவலப்பர் 20 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும், ஐந்து நிமிஷம் பிலிம் ஊற வேண்டும் என்பது விதி. சித்திரை வைகாசியில் குழாய்த் தண்ணீரே வெந்நீராக வரும் ஊரில் 20 டிகிரிக்கு எங்கே போவது? ஐஸ் பாரை உடைத்து பிளாஸ்டிக் பையில் கட்டித் தொட்டியைச் சுற்றி வைப்போம். ஐஸ் வாங்க பட்ஜெட்டில் தலைப்பு இல்லை. சில ஆஸ்பத்திரிகளில் டெவலப்பர் தீய்ந்து காப்பி நிறத்துக்கு வந்த பிறகும் மாற்ற மாட்டார்கள். படம் சாம்பல் பூத்தது போல வரும். முறிந்த எலும்பு அதிலும் தெரிந்துவிடும். கடுகளவு எலும்பு தெரியாது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கடுகுதான் எல்லாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அவள் அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கலாம் என்றால் எவ்வளவு சிறுசு என்று பார்த்துக்கொள்ளுங்கள். முகம் ஊதி, தோல் வறண்டு, கூப்பிட்டால் மெதுவாகத் திரும்பும். கையில் கண்ணாடி வளையல்கள், செம்பு வளையம், மந்திரித்த கறுப்புக் கயிறு, அதில் தாயத்து. எல்லாவற்றையும் அம்மா கழற்றும் வரை காத்திருந்தேன். தாயத்தைக் கழற்ற மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை. "கழட்ட வேண்டாம்மா, முழங்கைப் பக்கம் ஏத்திக் கட்டுங்க" என்றேன். அதில் அவளுக்கு ஒரு நிம்மதி.

"வலிக்குமா சார்?"

"போட்டோ புடிக்கிற மாதிரிதான். இடது கையை நீட்டு, கண்ணு."

என் கை ஜில்லென்று இருந்தால் பிள்ளை கையை இழுத்துக்கொள்ளும். அதனால் முதலில் என் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வேன். கேசட்டும் குளிர்ந்திருக்கும், அதன் மேல் மெல்லிய துணி. அப்புறம் என் கையை அதன் மேல் வைத்துக் காட்டி, "இதே மாதிரி வை, என் கை பெரிசா உன் கை பெரிசா பார்ப்போம்" என்பேன். பத்தில் ஏழு பிள்ளைகள் வைத்துவிடும். மீதி மூன்றுக்கு, பழைய பிலிமை வெந்நீரில் கழுவி எடுத்த கண்ணாடி போன்ற தாளை விரல்களின் மேல் போட்டு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. விரல் தட்டையாகிவிடும், தாள் படத்தில் தெரியாது. அம்மாவைப் பிடிக்கச் சொல்வது கடைசி வழி. பிடித்தாலும் முழங்கையைப் பிடிக்க வேண்டும், விரலை அல்ல, முதலில், "வயித்துல எதுவும் இருக்காம்மா?" என்று கேட்டுவிட வேண்டும். ஈயக் கவசம் இருந்தால் அவளுக்கு. ஒருதரம் அம்மாவின் விரல் எலும்புகளும் பிள்ளையின் விரல் எலும்புகளும் கோத்துக்கொண்டு விழுந்த படம் ஒன்று பழைய குவியலில் கிடைத்தது. பார்க்க அழகாக இருந்தது. வயது பார்க்க உதவாது.

அந்தச் சிறுமியின் மணிக்கட்டில் தெரிந்தவை மூன்றே எலும்புகள். எட்டு வயதில் ஏழு இருக்க வேண்டும். தைராய்டு சுரப்பி பிறவியிலேயே வேலை செய்யவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை படத்துக்கு வந்தாள். முதல் படத்தை எந்தத் தூரத்தில், எந்த அளவில் எடுத்தேன் என்று கவரின் மேல் குறித்து வைத்திருந்தேன், அதே அளவில் அடுத்ததும். அப்படி இருந்தால்தான் வந்த மாற்றம் மாத்திரையினுடையதா, மெஷினுடையதா என்று டாக்டர் சொல்ல முடியும். நாலாவது வருஷம் நடந்து வந்தாள். உயரம் கூடியிருந்தது. படிப்பில் பின்தங்கியது மட்டும் கடைசி வரை சரியாகவில்லை. பிறந்த சில நாளிலேயே குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் அதுவும் போயிருக்காது. அந்த வசதி அப்போது எங்களுக்கு இல்லை.

இன்னொரு விதமான பிள்ளைகள் போலீஸ்காரரோடு வருவார்கள். 1986-இல் வந்த சிறார் நீதிச் சட்டப்படி ஆண் பிள்ளைக்குப் பதினாறு, பெண் பிள்ளைக்குப் பதினெட்டு எல்லை. 2000-இல் வந்த சட்டம் இருவருக்கும் பதினெட்டு ஆக்கியது. எல்லைக்குக் கீழே என்றால் சிறார் மன்றம், கூர்நோக்கு இல்லம். மேலே என்றால் பெரியவர்களோடு ஜெயில். பள்ளிக்கூடம் போகாத, பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளைக்கு இதைத் தீர்மானிக்க இருந்தது நாங்கள் எடுக்கும் படம்தான். மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு என்று நாலு இடம் எடுப்போம்.

1988 வாக்கில் ஒரு பையன். திருட்டு வழக்கு. வேறோர் ஆஸ்பத்திரியில் ராத்திரி நேரத்தில் எடுத்த படத்தை வைத்து, பதினாறு நிறைந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். கோர்ட்டில் மறுபடி பார்க்கச் சொல்லி எங்களிடம் அனுப்பினார்கள். பழைய படத்தையும் கூடவே கொண்டுவந்திருந்தார் ஏட்டு. விரல்கள் நாலும் கொக்கி போல மடங்கியிருந்தன. ஒரு கோடும் தெரியவில்லை. மணிக்கட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை.

பையன் கல் உடைக்கிற வேலை செய்தவன். உள்ளங்கை காய்ப்புக் காய்த்து, விரல்கள் நிஜமாகவே நீளவில்லை. "நீட்டுடா" என்று ஏட்டு அதட்ட அதட்ட இன்னும் இறுக்கிக்கொண்டான். "ஏட்டய்யா, நீங்க வெளியில ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க, இவன் எங்கேயும் போகமாட்டான்" என்று அனுப்பிவிட்டு, அவன் கையை வெந்நீரில் கால் மணி நேரம் வைக்கச் சொன்னேன். அதற்குள் அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு தாளைப் போட்டு, மணல் மூட்டை வைத்து, மணிக்கட்டுக்கு மேலே நாலு விரற்கடை சேர்த்து எடுத்தேன். ஐஸ் போட்ட டெவலப்பரில் கழுவினேன்.

விரல் எலும்புகளில் கோடு இருந்தது. தலைமுடி அளவுதான், ஆனால் இருந்தது. முன்கை எலும்பில் நன்றாகவே திறந்திருந்தது. பதினான்குக்கு மேல், பதினாறுக்குள் என்று எங்கள் டாக்டர் எழுதினார். வழக்கு சிறார் மன்றத்துக்குப் போனது என்று அந்த ஏட்டே ஒரு நாள் வேறொரு பிள்ளையைக் கூட்டிவந்தபோது சொன்னார். அப்புறம் அவன் என்ன ஆனான் என்பது தெரியாது.

உண்மையில் அவனுக்குப் பதினேழு இருந்திருக்கலாம், இல்லையா? இருந்திருக்கலாம். 1982-இல் ஜெயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றமே, எக்ஸ்ரே வைத்துச் சொல்லும் வயது இரண்டு பக்கமும் இரண்டு வருஷம் தவறலாம் என்று ஏற்றுக்கொண்டது. அது எலும்பின் இயல்பு. எந்தப் படமும் அதைத் தீர்க்காது. ஆனால் எலும்பே இரண்டு வருஷம் முன்பின் சொல்லும் இடத்தில், மடங்கிய விரலும் தீய்ந்த டெவலப்பரும் சேர்ந்து இன்னும் ஒரு வருஷத்தைக் கூட்டுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. 2015-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் முன்னால் வைத்து, அவை இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை என்று ஆக்கிவிட்டது. நல்ல வேலை.

நான் ஓய்வு பெறும் காலத்தில் டார்க்ரூம் போய் டிஜிட்டல் வந்துவிட்டது. ஐஸ் தேவையில்லை. தரம் தானாகக் கூடிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். கூடியது பாதிதான். பழைய பிலிமில் கதிர் அதிகமானால் படம் கறுத்து எடுத்தவனைக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டலில் கம்ப்யூட்டர் அதைச் சரிப்படுத்திக் காட்டிவிடுவதால், தேவைக்கு மேல் கதிர் கொடுத்தாலும் யாருக்கும் தெரியாது. கைப்படத்துக்கு ஆகும் கதிர், இயற்கையாக ஒரு நாளில் நம் உடம்பு வாங்கிக்கொள்வதைவிடக் குறைவு. பயப்பட ஒன்றும் இல்லை. அதற்காகப் பிள்ளைக்குக் கொசுறு கொடுக்க வேண்டியதும் இல்லை. அடுத்தது, எலும்பின் ஓரத்தைக் கூர்மையாக்கிக் காட்டும் வசதி. அளவுக்கு மேல் போனால் இல்லாத கோடு தோன்றும். இப்போது வாட்ஸ்அப்பில் படத்தைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். டியூப்லைட் வெளிச்சம் நடு மணிக்கட்டில் விழுந்திருக்கும். அதைப் பார்த்து வயது சொல்லச் சொல்வார்கள்!

படிக்கிற வேலையையும் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டுவிட்டது. டென்மார்க்கில் செய்த போன்எக்ஸ்பர்ட் என்ற மென்பொருள் 2009-இல் வந்தது. 2017-இல் அமெரிக்காவின் கதிரியல் சங்கம் ஒரு போட்டி வைத்தது. பயிற்சிக்கு மட்டும் 12,611 கைப்படங்களைக் கொடுத்து, யாருடைய புரோகிராம் சரியாக வயது சொல்கிறது என்று பார்த்தார்கள். டாக்டருக்குச் சமமாகச் சொல்லின சில. எனக்குப் பிடித்தது அந்த டென்மார்க் மென்பொருளின் ஒரு குணம். கை சரியாக வைக்கப்படாத படத்தைக் கொடுத்தால், இதற்கு வயது சொல்ல முடியாது என்று அது தள்ளிவிடும். அவசரத்தில் எதையாவது எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, அந்த மெஷினுக்கு ஒரு வணக்கம் போடத் தோன்றியது.

நண்பரின் பேத்தியைப் படம் திருப்பி எடுக்கச் சொன்ன டாக்டரும் அதைத்தான் செய்திருக்கிறார். உங்கள் வீட்டிலும் பேரன் பேத்திக்கு இந்தப் படம் எழுதிக் கொடுத்தால், வாங்கும்போதே நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஐந்து விரல் நுனியும் இருக்கிறதா, மணிக்கட்டுக்கு மேல் இரண்டு விரற்கடை முன்கை இருக்கிறதா, விரல்கள் ஒன்றையொன்று தொடாமல் நேராக இருக்கின்றனவா, 'எல்' எழுத்து விழுந்திருக்கிறதா, பிள்ளையின் பெயரும் தேதியும் சரியா. பழைய படம் இருந்தால் தூக்கிப் போடாமல் கூடவே கொண்டுபோங்கள். மருதாணி இருந்தால் பரவாயில்லை, படத்தில் விழாது. வளையலைக் கழற்றிவிடுங்கள். கறுப்புக் கயிறு இருந்தால் இருக்கட்டும், தாயத்தை மட்டும் முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டால் போதும்.